மாமைற் போத்தலும் லூசி வில்ஸ் அம்மையாரும்

விடுதியில் இருந்து படித்த பழைய மாணவிகளுக்கு ஒரு மணம் நினைவிருக்கும். காய்ச்சல் என்று படுத்தால், அல்லது படுத்தது போல நடித்தால், மேற்றன் ஒரு கோப்பைச் சுடுநீரில் கறுத்தப் பசை போன்ற ஒன்றைக் கரைத்து, தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டு விட்டுக் கொண்டுவருவார். உப்புக் கைக்கும். மணம் ஊரைக் கூட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, பின்னேரப் பிரார்த்தனைக்கு எழும்பிப் போய்விடுவோம். அதுதான் மாமைற். வட்டக் குண்டுப் போத்தலும் மஞ்சள் மூடியும் எமது தலைமுறைப் பெண்களுக்கு விடுதியின் சின்னங்களில் ஒன்று.

நூற்றாண்டு மலருக்கு உலகறிந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, புளோரன்ஸ் நைற்றிங்கேலையோ மேரி கியூரியையோ எதிர்பார்த்திருப்பார்கள். மருத்துவமாதாக 34 வருடம் வீடு வீடாகச் சைக்கிளில் திரிந்தவளுக்கு அந்தப் போத்தல்தான் நினைவில் வந்தது. அந்தப் போத்தலுக்குள் இருந்து கருவுற்ற பெண்களுக்கான மருந்து ஒன்றைக் கண்டவர் லூசி வில்ஸ் அம்மையார். இன்று தாய்மார் கிளினிக்கில் நாம் கொடுக்கும் போலிக் அசிட் குளிசையின் கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அவரும் எம்மைப் போல ஒரு பெண்கள் கல்லூரியின் பழைய மாணவி.

1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி, இங்கிலாந்தில் பேர்மிங்காம் நகருக்கு அருகேயுள்ள சற்றன் கோல்ட்பீல்ட் என்னும் இடத்தில் லூசி பிறந்தார். தகப்பன் வழியினர் அரிவாள் முதலான வெட்டும் கருவிகள் செய்யும் தொழிலினர். தகப்பனார் விஞ்ஞானம் படித்தவர். வீட்டில் விஞ்ஞானப் பேச்சுக்குக் குறைவிருக்கவில்லை. தாயார் பேர்மிங்காமில் பெயர்பெற்ற ஒரு வைத்தியரின் மகள். பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று கேட்கும் வீடாக அது இருக்கவில்லை என்பது பிள்ளையின் நல்வினை. 1903இல் அவர் செல்ற்றன்ஹாம் மகளிர் கல்லூரியிற் சேர்ந்தார். பெண்களுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் ஒழுங்காகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று நின்ற டொறொத்தியா பீல் அம்மையார் அப்போது அதன் அதிபர். தையலும் பியானோவும் போதும் என்று சமூகம் நினைத்த காலத்தில் அப்படிப்பட்ட அதிபர்கள் இங்கும் இருந்தார்கள், அங்கும் இருந்தார்கள்.

1907இல் கேம்பிறிட்ஜ் சென்று, பெண்களுக்கான நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் பயின்றார். 1911இல் இறுதிப் பரீட்சையில் தேறினார்; முதலாம் வகுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. இதை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். முதலாம் வகுப்புக் கிடைக்காததால் ஒன்றுக்கும் உதவாதவள் என்று அழுத எத்தனையோ பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்தத் தேர்ச்சிக்குக்கூட அவர் பட்டம் பெறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்கள் எழுதும் அதே பரீட்சையைப் பெண்கள் எழுதலாம், ஆனால் பட்டம் பெற முடியாது என்பதே அன்றைய கேம்பிறிட்ஜின் நியதி. அங்கு பெண்களுக்கு முழுமையாகப் பட்டம் வழங்கப்பட்டது 1948இல். எமது நாட்டில் பெண்கள் வாக்குரிமை பெற்றுப் பதினேழு ஆண்டுகள் கழிந்த பின்!

படிப்பு முடிந்த அதே ஆண்டில் தகப்பனார் 52 வயதிற் காலமானார். 1913இல் மூத்த சகோதரி ஈடித் 26 வயதில் இறந்தார். அந்த ஆண்டே தாயும் மகளும் கப்பலேறி, உறவினரையும் நண்பரையும் காண இலங்கை வந்தார்கள். இங்கு எந்தெந்த ஊரைப் பார்த்தார், எங்கே தங்கினார் என்றெல்லாம் அறிய எனக்கு ஆசை. ஆனால் அப்போது அவர் வைத்தியருமல்ல, பெயர்பெற்றவருமல்ல. தகப்பனையும் அக்காவையும் இழந்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாதிருந்த 25 வயதுப் பெண்.

அடுத்த ஆண்டு தம்பியாருடன் தென்னாபிரிக்கா சென்றார். நியூன்ஹாமில் உடன்படித்த மார்கற் ஹியூம் என்னும் தோழி அங்கே தாவரவியல் விரிவுரையாளராக இருந்தார். தோழிகள் இருவரும் சிக்மண்ட் பிராய்டின் உளவியற் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டிருந்த காலம் அது. 1914 ஓகஸ்டில் முதலாம் உலக யுத்தம் மூண்டது. தம்பி படையிற் சேர்ந்தார். லூசி கேப்ரவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் சில கிழமைகள் தொண்டராகத் தாதி வேலை செய்தார். அந்தச் சில கிழமைகள்தான் திருப்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்து திரும்பிய கையோடு, 1915 தை மாதத்தில், பெண்களுக்கான இலண்டன் மருத்துவக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்துவிட்டார்.

மற்றக் கல்லூரிகள் பெண்களை உள்ளே விடாத காலத்தில், 1874இல் பெண்களே தமக்கெனத் தொடங்கிய கல்லூரி அது. மாணவிகள் நோயாளரைப் பார்த்துப் பழகுவது றோயல் பிறீ வைத்தியசாலையில். இந்தியாவிலிருந்தும் பெண்கள் அங்கு வந்து கற்றார்கள். 1920இல், 32 வயதில், லூசி வைத்தியரானார். ஆனால் வைத்தியராய் அமர்ந்து நோயாளர் பார்க்கும் தொழிலை அவர் நாடவில்லை. றோயல் பிறீயின் நோயியற் பகுதியில் சேர்ந்து, கர்ப்பகாலத்தில் உடலுக்குள் நிகழும் இரசாயன மாற்றங்களை ஆராயத் தொடங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

1928இல் அவருக்கு 40 வயது. இந்தியாவில் மருத்துவப் பணி புரிந்த மார்கிறற் பல்பூர் என்னும் வைத்திய அம்மையார், பிரசவத்தில் தாய்மார் இறப்பதன் காரணங்களை ஆராயும் முயற்சியில் அவரைச் சேர்த்துக்கொண்டார். பம்பாயில் உள்ள ஹாவ்கின் நிறுவகத்தில் வேலை. கர்ப்பிணிகளின் குருதிச்சோகை அவருக்கு ஒதுக்கப்பட்ட பகுதி.

குருதிச்சோகை என்றால் இரும்புக் குளிசைதானே என்று எவரும் சொல்வர். அது ஒரு வகை. இரும்பு குறைந்தால் செங்குழியங்கள் சிறுத்து வெளிறும். பம்பாயிலே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்கும், முக்காட்டுக்குள் வீட்டோடு அடைபட்டிருந்த ஏழை முஸ்லிம் பெண்களுக்கும் வந்தது வேறொன்று. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செங்குழியங்கள் எண்ணிக்கையிற் குறைந்து, ஆனால் பருத்து, முதிராதவையாக இருந்தன. என்புமச்சையில் அவை உருவாகும் வேலை அரைகுறையில் நின்றுபோவதே காரணம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இது கடுமையாகும். கால் வீங்கி, மூச்சு வாங்கி, நாக்குப் புண்ணாகி, பிரசவத்தோடு பலர் இறந்தார்கள். பணக்கார வீட்டுப் பெண்களிடம் இதைக் காண்பது அரிது.

லூசி அம்மையார் செய்த வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது, அவர் ஆய்வுகூடத்தில் மட்டும் நிற்கவில்லை என்பது. இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று அறிவதில் இறங்கினார். வகுப்புக்கு வகுப்பு, சமயத்துக்குச் சமயம் உணவை ஒப்பிட்டார். மேத்தா, தல்பாடே போன்ற இந்திய ஆய்வாளர்கள் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். கட்டுரைகளிலும் அவர்கள் பெயர் சேர்ந்தே வந்தது. வீட்டுக்குப் போய் அடுப்படியைப் பார்க்காமல் ஒரு தாயின் சுகத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்பது எங்கள் தொழிலின் பால பாடம். கிளினிக்கில் வைத்து என்ன சாப்பிட்டாய் பிள்ளை என்று கேட்டால், மீன், முட்டை, கீரை, பால் எல்லாம் சொல்லுவார்கள். வீட்டுக்குப் போனால் பாண் துண்டும் பிளேன்ரீயும்தான் இருக்கும். பம்பாயிலும் அப்படித்தான். பால், பழம், பச்சை மரக்கறி யாவும் அந்த வீடுகளுக்கு எட்டாதவையாக இருந்தன.

ஆகவே நோய்க்கிருமியல்ல, உணவே காரணம் என்ற எண்ணம் வலுத்தது. அதை எப்படி நிரூபிப்பது? அதே ஏழை உணவை எலிகளுக்குக் கொடுத்தார். கருவுற்ற எலிகள் சோகையுற்றன. உணவில் மதுவம், அதாவது ஈஸ்ற், சேர்த்தபோது சோகை தடுக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் எலிகளில் இருந்த பேன்கள் ஒரு தொற்றைப் பரப்பி அவற்றின் குருதியைக் கெடுத்திருந்தமை பின்னர் தெரியவந்தது. எது உணவால் வந்த சோகை, எது தொற்றால் வந்தது என்று பிரிக்க முடியாமற் போயிற்று. எத்தனை மாத உழைப்பு! அவர் அதை மூடிமறைக்கவில்லை. எலிகளை விட்டுக் குரங்குகளுக்கு மாறினார். பம்பாய்ப் பெண்களின் உணவைப் போன்ற உணவு கொடுக்கப்பட்ட ரீசஸ் குரங்குகளுக்கும் அதே பெருங்குழியச் சோகை வந்தது. மதுவச் சாறு கொடுக்க அவையும் தேறின.

இந்தக் காலத்தில் அவர் பம்பாயிலேயே இருக்கவில்லை. 1929இல் நீலகிரியிலுள்ள குன்னூர் பஸ்ரர் நிறுவகத்தில் சில மாதங்கள் வேலை செய்தார். போசாக்கு ஆராய்ச்சியில் பெயர்பெற்ற றொபேட் மக்கரிசன் அங்கு இருந்தார். 1931இன் தொடக்கத்தில் சென்னை வந்து, திருவல்லிக்கேணிப் பக்கத்தில் உள்ள பெண்கள் ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்த்தார். இன்று கஸ்தூரிபா காந்தி பெயரில் இருக்கும் அந்த வைத்தியசாலை, ஆண் வைத்தியரிடம் காட்ட மறுத்த குலப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என 1885இல் மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் எழுந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதன்முதல் சேர்ந்த பெண்களில் ஒருவரான ஷார்லீப், பின்னர் இலண்டன் சென்று, லூசி படித்த அதே மகளிர் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தவர். ஒரு பெண் கட்டிய வாசலால் இன்னொரு பெண் உள்ளே நுழைவது எங்கள் சங்க வரலாற்றிலும் உண்டு. மலரின் மற்றப் பக்கங்களில் அதை எழுதியிருப்பார்கள்.

இனி மாமைற்றுக்கு வருவோம். பியர் வடிக்கும்போது மிஞ்சும் மதுவத்திலிருந்து எடுக்கும் சாறு அது. இங்கிலாந்திலே பேட்டன் நகரில், பியர் ஆலைகளுக்குப் பக்கத்தில், 1902இல் அதன் தொழிற்சாலை தொடங்கியது. விலை மலிவு. கெட்டுப்போகாது. ஈரல் சாப்பிட்டால் ஒருவகைக் கொடிய சோகை மாறும் என்று அமெரிக்காவில் மைனட், மேர்பி என்ற இருவர் 1926இல் காட்டியிருந்தார்கள். ஆனால் ஈரற்சாறு விலை கூடியது. பஞ்சாலைப் பெண்ணால் வாங்க முடியாது. ஈரல் உண்ணாத வீடுகளும் உண்டு. மாமைற் மரக்கறி உணவினருக்கும் ஏற்றது.

லூசி அம்மையார் சோகையுற்ற கர்ப்பிணிகளுக்கு மாமைற் கொடுத்தார். சில நாட்களிலேயே குருதியில் புதிய செங்குழியங்கள் பெருகின. படுக்கையில் கிடந்தவர்கள் எழும்பினார்கள், பசிக்கிறது என்றார்கள். 1931இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் இதை எழுதினார். மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

இதைவிட நுட்பமான இன்னொன்றையும் அவர் கவனித்தார். சுத்திகரித்த ஈரற்சாறு மைனட்டின் நோயாளரைக் குணப்படுத்தியது. பம்பாய்ப் பெண்களில் பயன் தரவில்லை. சுத்திகரிக்காத ஈரற்சாறு பயன் தந்தது, மாமைற்றும் தந்தது. அப்படியானால் ஈரலில் ஒன்றல்ல, இரண்டு பொருள்கள் இருக்க வேண்டும். சுத்திகரிக்கும்போது ஒன்று கழிந்துபோகிறது. அந்தக் கழிந்துபோகும் பொருளே தமது நோயாளருக்குத் தேவை. இந்த முடிவை அவர் 1930களில் துணிந்து எழுதினார். பெயர் தெரியாத அந்தப் பொருளை மருத்துவர்கள் வில்ஸ் காரணி என்று அழைத்தார்கள். மற்றப் பொருள் விற்றமின் பி12 என்பது 1948இல்தான் தெரிந்தது. கையில் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கருவி இல்லாமல், நோயாளர் தேறுவதையும் தேறாததையும் மட்டும் வைத்து இப்படிச் சிந்தித்தது சாதாரண காரியமல்ல.

எம் நாட்டுக்கும் மாமைற் அந்தக் காலத்திலேயே வந்து சேர்ந்தது. 1934, 1935 ஆண்டுகளில் மலேரியா இலங்கையைச் சூறையாடியது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகச் சொல்வர். கேகாலைப் பக்கம் சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் போய், பட்டினியில் மெலிந்த சனங்களுக்கு மருந்தோடு பருப்பும் மாமைற்றும் கொடுத்தார்கள். என். எம். பெரேராவைச் சிங்களச் சனங்கள் பருப்பு மாத்தயா என்று அழைத்தது அந்தக் காலத்துக் கதை. விடுதி மேற்றனின் கோப்பைக்கு இப்படியொரு வம்சாவளி இருந்ததென்று அன்று தெரிந்திருந்தால் மூக்கைப் பிடிக்காமற் குடித்திருப்போமோ? அதுவும் சந்தேகந்தான்.

1933இல் லூசி அம்மையார் றோயல் பிறீக்குத் திரும்பினார். 1937இன் முடிவில் மீண்டும் பம்பாய்க்குப் பத்துக் கிழமைகள் வந்தார். இம்முறை வழியின் பெரும் பகுதியை நீரில் இறங்கும் விமானத்தில், இறங்கி இறங்கிப் பறந்து கடந்தார். அப்போது அவருக்கு 49 வயது. பிறகு இரண்டாம் உலக யுத்தம். குண்டு விழும் இலண்டனில் அவசர மருத்துவ சேவையில் வேலை செய்தார். கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்துக் கொடுப்பது பற்றிய ஆராய்ச்சியொன்றையும் நடத்திக்கொண்டிருந்தார். 1944இல் வைத்தியசாலைமீது குண்டு வீழ்ந்து அதைக் குலைத்தது. யுத்தத்தின் இடையில் ஆய்வுகூடம் நடத்துவது எப்படி என்பதை வடக்கு, கிழக்கில் வேலை செய்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளை பெறுவித்த நாங்கள், தராசும் பதிவுக் கொப்பியும் தோளில் மாட்டிக்கொண்டு இடம்பெயர்ந்தவர்கள்.

இதற்கிடையே அவர் தேடிய பொருளை வேறு பலர் நெருங்கிவிட்டார்கள். 1941இல் அமெரிக்காவிலே மிச்சல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகியோர் நான்கு தொன் பசளிக் கீரையைக் கரைத்து வடித்து, மிகச் சிறிதளவு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலத்தீன் மொழியில் போலியம் என்றால் இலை. ஆதலால் போலிக் அமிலம் என்று பெயர் வந்தது. 1940களின் நடுவில் நியூயோர்க்குக்கு அண்மையிலிருந்த லெடர்லே ஆய்வுகூடத்தில் அதைச் செயற்கையாக ஆக்கினார்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்புறூ என்னும் நோயால் இறந்தவர்கள். போலிக் அமிலக் குறைவோடு தொடர்புடைய நோய் அது. தம் வீட்டில் விழுந்த சாவுக்கு மருந்து தேடியவர் என்று இவரைச் சொல்லலாம்.

லூசி அம்மையார் 1947இல் ஓய்வுபெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். யமேக்கா, பிஜி, தென்னாபிரிக்கா என்று போய், அங்குள்ள ஏழைத் தாய்மாரின் போசாக்கையும் சோகையையும் ஆராய்ந்தார். கார் வைத்திருக்கும் தகுதியுள்ள வைத்தியர்கள் காரில் வந்த காலத்திலும் அவர் சைக்கிளில் வேலைக்குப் போனவர் என்று வாசித்தபோது எனக்கு ஒரு சொந்தம் பிறந்தது. மலை ஏறினார், பனிச்சறுக்கினார், தோட்டம் செய்தார். மார்கற் ஹியூம் கடைசிவரை தோழி. சறே மாவட்டத்தில் இருவருக்கும் பொதுவாக ஒரு சிறு வீடு இருந்தது. பிற்காலத்தில் தொழிற்கட்சியின் சார்பில் செல்சி நகரசபை உறுப்பினராகவும் இருந்தார். 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் திகதி, 75 வயதில் காலமானார்.

தம் கண்டுபிடிப்பின் பெரும் பகுதியைக் காணாமலே அவர் போனார். அடுத்த ஆண்டு, 1965இல், இலிவர்பூலில் எலிசபெத் ஹிபார்ட், றிச்சட் ஸ்மித்தெல்ஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூளையும் முள்ளந்தண்டும் சரியாக மூடாமற் பிறக்கும் பிள்ளைகளின் தாய்மாரில், மற்றத் தாய்மாரைவிட அதிகமானோருக்குப் போலிக் அமிலத்தை உடல் கையாளும் விதத்தில் கோளாறு இருந்ததை அவர்கள் கண்டார்கள். சோகைக்கு மருந்தாய் இருந்தது, பிள்ளையின் உருவத்தோடு சம்பந்தப்படுகிறதா என்ற கேள்வி எழுந்தது.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் எமது கல்லூரியில் படித்தவள். வலைப்பந்து அணியில் விளையாடியவள். எழுபதுகளின் நடுவில் அவளுக்கு முதற் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. தலையின் மேற்பகுதி மூடவில்லை. சில மணித்தியாலம் இருந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் துணியாற் சுற்றி, தாய்க்குக் காட்டாமல் கொண்டுபோய்விட்டார்கள். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார்கள். கிரகண நேரத்தில் அவள் பாக்கு வெட்டினாளாம், அதனால்தானாம் என்று புகுந்த வீட்டில் பேச்சு. வெட்டினேனோ இல்லையோ என்று எனக்கே நினைவில்லையடி என்று எத்தனையோ வருடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அப்போது பயிற்சியில் இருந்தேன். அவளிடம் சொல்லுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் பாடக் குறிப்புகளிலும் இல்லை.

விடை 1991இல் வந்தது. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை, நிக்கலஸ் வோல்ட் என்பவரின் தலைமையில் 7 நாடுகளில் 33 இடங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. முன்பு இத்தகைய பிள்ளையைப் பெற்ற 1,817 பெண்கள் அதிற் சேர்ந்தார்கள். சிலருக்குக் கருத்தரிக்குமுன் தொடங்கிப் போலிக் அமிலம். சிலருக்கு அது இல்லாத குளிசை. கணக்குப் பார்த்தபோது, பிறந்தவற்றில் 27 பிள்ளைகளுக்கு அந்தக் குறை இருந்தது. போலிக் அமிலம் எடுத்த தாய்மாரிடம் 6, எடுக்காதவரிடம் 21. நூற்றுக்கு 72 பங்கு தடுக்கப்பட்டது. இனியும் ஒரு பகுதிப் பெண்களுக்கு மருந்து கொடாமல் இருப்பது நியாயமல்ல என்று ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

நான் அந்தச் செய்தியை அறிந்தபோது அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவளுக்குப் போலிக் அமிலம் குறைந்திருந்ததா என்று எவரும் பார்க்கவில்லை; அதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது, எல்லாக் குறைகளையும் அந்தக் குளிசை தடுப்பதுமில்லை. ஆனால் பாக்கு வெட்டியதால் அல்ல என்று அடித்துச் சொன்னேன். பிள்ளையின் நரம்புக் குழாய் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அது மூடாமற் போனதெல்லாம், அவளுக்கு மாதவிடாய் தள்ளிப்போனது தெரிந்த அந்த முதற் சில நாட்களுக்குள் முடிந்துபோன காரியம். அக்கா கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தேத்தண்ணி போட எழும்பினாள்.

அந்த 28 நாட்களில்தான் இக்குளிசையின் சிக்கல் இருக்கிறது. கிளினிக்கில் பதிய வரும் பெண்ணுக்கு ஏழு, எட்டுக் கிழமை ஆகியிருக்கும். அப்போது தரும் போலிக் அசிட் தாயின் குருதிக்கு நல்லது. பிள்ளையின் முள்ளந்தண்டு விடயத்தில் காலம் கடந்துவிட்டது. ஆகவே பிள்ளை வேண்டும் என்று எண்ணும் நாளிலிருந்தே தொடங்கி, கர்ப்பத்தின் 12 கிழமை வரையாவது ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டும். பொதுவாக 400 மைக்கிரோகிராம் போதும் என்பர். முன்பு இத்தகைய பிள்ளை பிறந்தவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் அதிக அளவு எடுக்க வேண்டியிருக்கும். அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். நெடுநாட் சோகைக்குத் தாமாகவே இதை வாங்கி விழுங்குவதும் கூடாது. பி12 குறைந்தவருக்கு இது குருதியைச் சீராக்கிக் காட்டும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ஈரலில் இரண்டு பொருள் என்று லூசி அம்மையார் சொன்னது இதற்குத்தான் அடிப்படை.

கீரை சாப்பிட்டால் போதாதா என்று மாமியார்மார் கேட்பார்கள். கீரை, பயறு, கடலை, பருப்பு எல்லாவற்றிலும் இச்சத்து உண்டு, சாப்பிட வேண்டும். ஆனால் நாம் கீரையை அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். சத்தில் பெரும் பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். முருங்கையிலை வறை போல, நீர் வடிக்காமல், கொஞ்ச நேரத்தில் இறக்குவது மேல். அப்படிச் செய்தாலும் அந்த முதல் மாதத்துக்கு வேண்டிய அளவு உணவில் மட்டும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மாமைற்றும் குளிசைக்கு ஈடல்ல.

எமது நாட்டில் இது காசில்லாமற் கிடைக்கிறது. கலியாணம் பதிந்த கையோடு, உங்கள் பகுதி மருத்துவமாதிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ புதுமணத் தம்பதியர் என்று பெயர் கொடுத்தால் போலிக் அசிட் தருவார்கள். வெட்கத்தில் போகாமல் இருப்பவர்களே அதிகம். இன்னும் ஒன்றும் இல்லையே, அதற்குள் குளிசையா, ஊர் என்ன சொல்லும் என்பார்கள். நான் சேவையில் இருந்த கடைசி வருடங்களில், கலியாண வீட்டுக்குப் போனால் மொய் உறையோடு பெண்ணின் கையில் கிளினிக் நாளையும் எழுதிக் கொடுப்பேன். என்னைக் கண்டால் சில தாய்மார் முகம் சுளிப்பதும் உண்டு.

அக்காவுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், இருவரும் சுகம். மூத்தவள் எமது கல்லூரியில் படித்து இப்போது ஆசிரியை. அவளுடைய மகளுக்குச் சென்ற ஆவணியில் கலியாணம். வீட்டுக்கு வந்த பொம்பிளையிடம் குளிசை எடுக்கிறாயா என்று நான் கேட்க வாய் திறந்தேன். அதற்குமுன் அக்கா கேட்டுவிட்டாள்.